‘எப்பப் பாரு செல்லும் கையுமா’: கேமர்களின் பெயரை மீட்க டெல்டாவிலிருந்து ஓர் இணைய இயக்கம் தொடங்குவது எப்படி?

கும்பகோணமோ மன்னார்குடியோ சீர்காழியோ, எந்தத் தெருவில் கேட்டாலும் கேம் விளையாடுகிற பிள்ளையைப் பற்றி ஒரே பேச்சுதான். “எப்பப் பாரு செல்லும் கையுமா கெடக்கான், இவன் எங்க உருப்படப் போறான்?” விளையாடுவது பெண் பிள்ளை என்றால் பேச்சு இன்னும் ஒரு படி மேலே போகும். இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று நினைக்கிற கேமர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் “நாங்க அப்படி இல்லை” என்று கோபமாக ஒரு வீடியோ போடுவதில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். திட்டுகிறவர் அந்த வீடியோவைப் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே நம்மோடு விளையாடுகிறவர்கள்தான் பார்த்து லைக் போடுகிறார்கள்.

கெட்ட பெயர் வாதத்தால் போகாது. ஊர் தன் கண்ணால் பார்க்கிற காரியத்தால்தான் போகும். அந்தக் காரியத்துக்கு ஆள் சேர்க்கவும், செய்ததை நாலு பேருக்குக் காட்டவும் இணையம் உதவும். கீழே உள்ள படிகளை அந்த நம்பிக்கையில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். குறிப்பாக முதல் இரண்டைத் தாண்டிவிட்டு நேரே சேனல் தொடங்க வேண்டாம்.

படி 1: முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

எந்தக் கணக்கும் திறக்கும் முன் ஒரு பத்துப் பேரிடம் போங்கள். அம்மா, சித்தப்பா, டீக்கடை அண்ணன், டியூஷன் டீச்சர், பக்கத்து வீட்டு அத்தை. “கேம்னாலே உங்களுக்கு என்ன தோணுது?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள், மறுக்காதீர்கள், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வருகிற குறைகள் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கிவிடும்: பணம் போகிறது, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, ராத்திரித் தூக்கமும் படிப்பும் கெடுகிறது, கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை.

கடைசிக் குறையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் வீட்டுச் சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ராத்திரி எட்டரை மணி. அம்மா தோசைக்கல்லைக் காய வைத்துவிட்டு “சாப்பிட வா தம்பி” என்கிறார். பையன் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கி கேமில் எரங்கல் என்கிற மேப்பில் இறங்கிப் பத்து நிமிடம்தான் ஆகிறது. அந்த மேட்ச் முழுசாக ஓடினால் அரை மணி நேரம் வரை போகும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. எழுந்து போனால் கூட விளையாடுகிற மூன்று பேரும் ஆளில்லாமல் மாட்டிக்கொள்வார்கள், ரேங்க் பாயிண்ட்டும் போகும். “அஞ்சு நிமிஷம்மா” என்கிறான். அஞ்சு நிமிடத்தில் முடியாது என்று அவனுக்கே தெரியும். தோசை ஆறிப்போகிறது. மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு அம்மா போனைப் பிடுங்க வருகிறார். அவர் கணக்கில் இது மரியாதைக் குறைவு. அவன் கணக்கில், நம்பி வந்தவர்களைக் கைவிடக் கூடாது என்கிற கடமை.

இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. இந்த விளையாட்டை நடுவில் நிறுத்த முடியாது என்று அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. எட்டு மணிக்கு மேல் மேட்ச் தொடங்காதே என்று அவனுக்கும் யாரும் சொன்னதில்லை. இயக்கத்தின் முதல் வேலையே இதுதான்: இரண்டு பக்கத்துக்கும் விஷயத்தை எடுத்துச் சொல்லி ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவருவது. “சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னாடி புது மேட்ச் கிடையாது. தொடங்கிவிட்ட மேட்ச்சை முடிக்க விடுவோம்.” இந்த இரண்டு வரியை வீட்டுச் சுவரில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு படமாகச் செய்து பரப்புங்கள். பத்து ஆவேச வீடியோவை விட இது அதிக வீடுகளுக்குள் போகும்.

படி 2: சூதாட்டத்தைத் தனியே பிரித்துக் காட்டுங்கள்

நம் ஊரில் “ஆன்லைன் கேம்” என்றாலே பலருக்கு ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் இழந்து குடும்பங்கள் நொறுங்கிய செய்திகளை வருடக்கணக்காகப் படித்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தில் தப்பில்லை. பணம் கட்டி ஆடுவது வேறு, விளையாட்டு வேறு என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

சட்டமே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யவும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, வீடியோ கேம்களைப் போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்க வேண்டிய தனி வகையாக அங்கீகரித்தது. பண ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்தாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023-ல், இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் போட்டியாகவே நடந்தது. இவ்வளவையும் ஒரே பதிவில் எளிய தமிழில் எழுதி உங்கள் பக்கத்தின் உச்சியில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

சொன்னபடி நடக்கவும் வேண்டும். பெட்டிங் ஆப், ரம்மி ஆப், “கலர் கணிப்பு” ஆப் எதன் விளம்பரமும் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். நீங்கள் நடத்தும் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வைத்து, அதைத் திரட்டிப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு அதுவும் சூதாகத்தான் தெரியும். இலவசமாக நடத்துங்கள். பரிசு ஒரு இயர்போனோ, ஒரு கோப்பையோ, ஊர் மளிகைக் கடை கொடுக்கும் ஒரு மூட்டை பொன்னியோ போதும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. கேமுக்குள் செலவழிக்கிற யூசி, டைமண்ட், பாத்திரத்துக்கும் துப்பாக்கிக்கும் போடுகிற ஸ்கின் இவற்றைக் காசு கொடுத்து வாங்குவது சூதாட்டம் இல்லைதான். ஆனால் அப்பாவின் யுபிஐ பின்னைத் தெரிந்துகொண்டு அவருக்குச் சொல்லாமல் வாங்கினால் அது திருட்டு. இதை நாமே முதலில் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள்.

படி 3: ஆறேழு பேர் போதும்

ஆயிரம் பேர் குரூப் வேண்டாம், தொடக்கத்துக்கு ஆறேழு பேர் போதும். அவர்களில் விளையாடும் பெண் ஒருவராவது இருக்கட்டும்; வெறும் முகத்துக்காக இல்லாமல், முடிவெடுக்கும் இடத்தில். வேலைக்குப் போகும் ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒருவர், எடிட்டிங் தெரிந்த ஒருவர். அதோடு கேமே விளையாடாத ஒரு பெரியவர்: யாரோ ஒருவரின் அம்மா, பள்ளி உடற்கல்வி ஆசிரியர், நூலகர். ஒரு பதிவு வெளியே போகும் முன் அவர் படித்துப் பார்த்து “இது எனக்குப் புரியலப்பா” என்றால் திருத்தி எழுதுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று மாவட்டத்துக்கு ஒருவராவது இருந்தால் பின்னால் நேரில் கூடுவது எளிது.

பெயர் வைக்கும்போது இங்கிலீஷில் பயமுறுத்தும் பெயர்கள் வேண்டாம். கில்லர், சைக்கோ, டெவில் என்று கிளானுக்கு (சேர்ந்து விளையாடும் குழுவுக்கு) வைத்துக்கொள்ளலாம்; ஊராட்சித் தலைவரிடம் அனுமதிக் கடிதம் கொடுக்கும்போது அந்தப் பெயர் உதவாது. ஊரையோ ஆற்றையோ சேர்த்து ஒரு தமிழ்ப் பெயர் வையுங்கள்.

படி 4: நம் வீட்டை நாம் முதலில் பெருக்குவோம்

ஊருக்குச் சொல்வதற்கு முன் நமக்கு நாமே ஒரு நடத்தை விதி வேண்டும். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மைக்கில் கெட்ட வார்த்தை இல்லை, சாதி, மதம், ஊர், உருவம் சொல்லிக் கிண்டல் இல்லை, ஏமாற்றி ஜெயிக்க ஹேக் இல்லை, பள்ளிப் பிள்ளைகளோடு இரவு பத்துக்கு மேல் மேட்ச் இல்லை, பந்தயம் இல்லை. இவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் கனமானது மைக்தான். ஒரு பெண் குரல் கேட்டதும் லாபியில் (மேட்ச் தொடங்கும் முன் எல்லோரும் கூடும் இடத்தில்) என்ன நடக்கிறது என்பது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். முதலில் “ஏய், பொண்ணுடா”. அடுத்து நம்பர் கேட்பது. கொடுக்காவிட்டால் வசவு. இதனாலேயே எத்தனையோ பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். நம் பெயரைக் கெடுத்தது பத்திரிகையோ பக்கத்து வீட்டு அத்தையோ இல்லை. இந்த மைக்தான் என்பது என் உறுதியான எண்ணம். எனவே விதி இப்படி இருக்கட்டும்: திட்டியவன் மட்டுமல்ல, கேட்டுக்கொண்டு சும்மா இருந்த மூன்று பேரும் பொறுப்பு. “அப்படிப் பேசாத ப்ரோ” என்று அந்த நிமிடமே ஒருவர் சொல்ல வேண்டும். தொடர்ந்தால் கேமுக்குள்ளேயே ரிப்போர்ட், ஸ்குவாட் என்கிற நாலு பேர் அணியிலிருந்து வெளியே. மறுபடியும் செய்தால் இயக்கத்திலிருந்தும் வெளியே, அவன் எவ்வளவு பெரிய பிளேயராக இருந்தாலும்.

பள்ளிப் பையன் ஒருவன் தப்பு செய்தால் அவன் ஸ்கிரீன்ஷாட்டைப் பொதுவில் போட்டு அசிங்கப்படுத்தக் கூடாது. தனியே கூப்பிட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் வீட்டில் பேசுங்கள்.

படி 5: எந்தத் தளம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோர் இருக்கும் இடம் வாட்ஸ்அப். கேமர்கள் இருக்கும் இடம் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியும் யூடியூப் லைவும். வெளியூர்க்காரர்கள் பார்க்கும் இடம் இன்ஸ்டாகிராம். மூன்றையும் ஒரே நாளில் தொடங்காமல், அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைத்த ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் தொடங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் முகம், பள்ளிப் பெயர், போன் நம்பர் எதுவும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் வெளியே போகக் கூடாது. அட்மின் இரண்டு பேராவது இருக்கட்டும், எல்லாக் கணக்குக்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டு வையுங்கள்.

படி 6: என்ன பதிவிடுவது

எதிரிகளை வீழ்த்திய காட்சிகளை மட்டும் கோத்த கில் மாண்டேஜ் வெளியாட்களுக்கு ஒன்றும் சொல்லாது. விளையாட்டுக்குப் பின்னால் இருக்கிற மனிதரைக் காட்டுங்கள். பகலில் நடவுக்கு டிராக்டர் ஓட்டிவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஃபுட்பால் கேம் ஆடுகிறவர். நர்சிங் படித்துக்கொண்டே வேலரன்ட் என்கிற துப்பாக்கி கேம் ஆடும் பெண். கேம் எடிட்டிங்கில் கற்றதை வைத்துக் கல்யாண வீடியோ தொழிலுக்குப் போனவர். ஒரு நிமிட வீடியோ, வீட்டுப் பேச்சில், அவர் சம்மதத்தோடு.

உலகத்தில் கேமர்கள் செய்த உண்மையான காரியங்களையும் சொல்லுங்கள். புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதையே புதிராக மாற்றிய ஃபோல்டிட் விளையாட்டில், விஞ்ஞானிகளுக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடிபடாதிருந்த ஒரு வைரஸ் நொதியின் வடிவத்தை ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2011-ல் வந்தது. அமெரிக்காவில் 2010-ல் தொடங்கிய ‘கேம்ஸ் டன் குவிக்’ நிகழ்ச்சியில், பழைய கேம்களை மின்னல் வேகத்தில் முடித்துக்காட்டி, பார்ப்பவர்கள் தரும் நன்கொடையைப் புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் அனுப்புகிறார்கள். 2012-ல், கட்டைகளை அடுக்கிக் கட்டிடம் கட்டும் மைன்கிராஃப்ட் கேமின் தயாரிப்பாளர்களும் ஐ.நா. வாழ்விட அமைப்பும் சேர்ந்து, ஏழைப் பகுதி மக்களே தங்கள் பூங்காவையும் தெருவையும் அந்த கேமில் வடிவமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி நமக்கென்றே வந்தது போல இருக்கிறது. மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர். 66 கட்டை உயரத்தில், பதின்மூன்று நிலைகளோடு, அளவு மாறாமல் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து எழுப்பட்டும். வாராவாரம் ஒரு நிலை. ஒவ்வொரு வாரமும் நேரில் போய்ப் பார்த்து அளந்து வரட்டும். அடுத்து தாராசுரம், அதற்கடுத்து கல்லணை. வரலாற்று ஆசிரியரை வீடியோவில் பேச வையுங்கள். “கேம் ஆடிக் கெட்டுப்போறான்” என்று சொன்ன தாத்தாவே கோபுரத்தைக் காட்டித் திருத்தம் சொல்ல வருவார்.

ஒன்றை மட்டும் தவிருங்கள்: “கேம் விளையாடினால் மூளை வளரும்” என்கிற மாதிரி மிகைப் பேச்சு. பொய்யான புகழ்ச்சி ஒன்று அம்பலமானால் உண்மையான பத்தும் அதோடு போய்விடும்.

படி 7: ஊர்க் காலண்டரோடு சேர்ந்து நடங்கள்

இயக்கத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. டெல்டாவின் வருடத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு. அதோடு ஒட்டி வேலை செய்யுங்கள்.

மார்ச், ஏப்ரலில் பொதுத் தேர்வு. அந்த நாட்களில் போட்டி எதுவும் நடத்தாதீர்கள். “பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் ஐடியை யாரும் இன்வைட் பண்ண மாட்டோம்” என்று பொதுவில் அறிவித்துக் கடைப்பிடியுங்கள். பெற்றோர் மனதில் இது ஒன்றே பெரிய இடம் பிடிக்கும்.

கோடை விடுமுறையில் ரத்த தானம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ரத்த வங்கியிடம் முன்கூட்டியே பேசி நாள் வாங்குங்கள். பதினெட்டு வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவர்கள் கொடுக்கலாம். முந்தைய ராத்திரி விளையாடிவிட்டுத் தூங்காமல் வரக் கூடாது என்பதையும் அறிவிப்பில் சேருங்கள்.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பு, குறுவை வேலை. அப்போது சேவை வயலில் தேவையில்லை, போனில் தேவை. உழவன் செயலி, நெல் கொள்முதலுக்கு இணையத்தில் பதிவது, வங்கி ஓடிபி எல்லாம் வயதானவர்களைத் தடுமாற வைக்கின்றன. அதைவிட மோசடி அழைப்புகள். இதில் கேமர்களுக்குத் தனித் திறமை உண்டு. “ஃப்ரீ யூசி”, “ஃப்ரீ டைமண்ட்” என்று வரும் போலி லிங்கை நாம் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும். வங்கி பெயரில் வரும் போலி லிங்கும் அதே ஜாதிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்திலோ ஊராட்சி மண்டபத்திலோ உட்கார்ந்து, “இந்த மெசேஜ் வந்தா தொடாதீங்க தாத்தா, பணம் போயிட்டா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க” என்று சொல்லிக்கொடுங்கள். அவர் போனைக் கையில் வாங்காமல், அவரையே தட்ட வைத்து.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தபோது, தென்னை போனது, மின்சாரம் போனது, எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை என்ற தகவலும் போனது. அன்றைக்கு வெளியூரில் இருந்துகொண்டு போன் நம்பர்களைத் திரட்டி, பட்டியல் போட்டு, லாரியைச் சரியான ஊருக்குத் திருப்பிய இளைஞர்கள் செய்த வேலை பெரிது. ஒரு ஸ்குவாடில் ஒருவன் மேப் பார்க்க, ஒருவன் தகவல் சொல்ல, ஒருவன் முடிவெடுப்பானே, அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். புயலுக்கு முன்பே யார் எந்த வட்டாரம், யார் தகவலைச் சரிபார்ப்பது என்று பிரித்து வைத்திருங்கள். சரிபார்க்காத எதையும் ஃபார்வர்ட் செய்யக் கூடாது.

பணம் விஷயத்தில் ஒரே விதி: நம் கையைத் தொடக் கூடாது. நிதி திரட்ட லைவாக விளையாடிக் காட்டும் சாரிட்டி ஸ்ட்ரீம் நடத்தினால் ஒருவரின் சொந்த ஜிபே நம்பரைத் திரையில் போடாதீர்கள். மருத்துவமனையோ முதலமைச்சரின் பொது நிவாரண நிதியோ, அவர்களின் கணக்குக்கே நேராகப் போகட்டும். கொடுத்தவர் ரசீதை அனுப்பினால் தொகையை மட்டும் கூட்டிச் சொல்லுங்கள்.

படி 8: பெற்றோரை விளையாடக் கூப்பிடுங்கள்

வருடத்துக்கு ஒரு நாள், ஊர் மண்டபத்தில். முதல் தடவை பெரிய திரையில் துப்பாக்கி கேம் வேண்டாம். ஃபுட்பால், கார் ரேஸ், செஸ் போதும். பக்கத்திலேயே பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயக்கட்டம் விரியுங்கள். பேரன் பாட்டிக்குக் கன்ட்ரோலர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும், பாட்டி பேரனை ஆடுபுலியில் மடக்கட்டும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூரில் இறைவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் வென்று அரசகுமாரியை மணந்தார் என்பது தல வரலாறு. விளையாட்டைச் சாமியோடு சேர்த்துக் கும்பிட்ட மண்ணில் நிற்கிறோம் என்பதை மேடையில் ஒருவர் சொல்லலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: எல்லா போனையும் ஒரே வைஃபையில் போட்டால் லேக் அடிக்கும் (ஆட்டம் திக்கித் திக்கி ஓடும்), ஆளாளுக்கு மொபைல் டேட்டா நல்லது, கரண்ட் போனால் திரைக்கு இன்வெர்ட்டர், மதியத்துக்குச் சாப்பாடு, மாலை ஆறு மணிக்குள் முடிவு.

கூப்பிடும் மெசேஜ் இந்த மாதிரி இருந்தால் போதும்: “வணக்கம் அம்மா, அப்பா. உங்க பிள்ளைங்க என்ன விளையாடுறாங்கன்னு நேர்ல வந்து பாருங்க. நீங்களும் ஆடிப் பாருங்க. என்ன கேள்வி இருந்தாலும் கேளுங்க, மறைக்காம பதில் சொல்றோம். கட்டணம் இல்லை.”

படி 9: கெட்ட செய்தி வருகிற நாளில்

ஒரு நாள் வரும். கேமால் ஒரு பிள்ளை உயிரை விட்டது, படிப்பை விட்டது என்று டிவியில் ஓடும். அன்றைக்குக் “கேம் மேல பழி போடாதீங்க” என்று கிளம்பினால், அதுவரை சேர்த்த பெயர் முழுதும் ஒரே நாளில் போய்விடும். ஒரு வீடு துக்கத்தில் இருக்கிறது. அன்றைய லைவை ரத்து செய்யுங்கள். இரங்கலைத் தெரிவித்து, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசக்கூடிய டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-ஐப் போடுங்கள். வேறு வாதம் வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் பகிராதீர்கள்.

அடிமையாதல் என்பது இல்லவே இல்லை என்றும் பேசாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இப்படி வாழ்க்கையே பாதிக்கிற அளவுக்குப் பெரும்பாலும் 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். நிறைய நேரம் விளையாடுகிற எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனால் பொருந்துகிறவர்கள் நம் ஸ்குவாடுக்குள்ளேயே இருக்கலாம். காலேஜுக்குப் போகாமல், சாப்பிடாமல், விடிய விடிய ஆன்லைனில் இருக்கும் நண்பனை முதலில் பார்ப்பது அவன் அம்மா கூட இல்லை, நாம்தான். அவனுக்கு இன்வைட் அனுப்புவதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நேரில் போங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் துணையாகப் போவதும் இந்த இயக்கத்தின் வேலைதான்.

படி 10: எதை எண்ணுவது, யாரிடம் கொடுப்பது

ஃபாலோயர் எண்ணிக்கையைப் பெரிதாக எடுக்காதீர்கள். எத்தனை பெற்றோர் வந்தார்கள், எத்தனை பெண்கள் மைக்கைத் திறந்து விளையாடுகிறார்கள், எத்தனை யூனிட் ரத்தம், எத்தனை பெரியவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுத்தோம், விதியை மீறி எத்தனை பேரை வெளியேற்றினோம் என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே பக்கத்தில் போடுங்கள். குறைந்திருந்தால் குறைந்தது என்றே போடுங்கள். வருடம் முடிந்ததும் முதலில் பேசிய அதே பத்துப் பேரிடம் அதே கேள்வியோடு மறுபடி போய்ப் பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கல்லூரி முடிந்து பாதிப் பேர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் துபாய்க்கும் கிளம்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு புதியவர்களை அட்மினாக்கி, பாஸ்வேர்ட், ரத்த வங்கித் தொடர்பு, மண்டப வாடகைக் கணக்கு, பெற்றோர் சம்மதக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.